மனுதாரருக்கு ஆட்சேபணை இல்லை

பிப்ரவரி 6

தம்பிக்கு,

சுகமா? முட்டி வலி எப்படி இருக்கிறது? நாள் முழுக்க நின்றே பிழைக்கிறவனுக்கு முட்டிதான் முதல், அலட்சியம் பண்ணாதே. நானும் சுகம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் நடந்ததைக் கேள்.

நேற்று தபால்காரர் கடைக்கு வந்து, தையல் மெஷின் மேலேயே ஒரு நீளக் கவரை வைத்தார். மேலே கோர்ட்டு முத்திரை. "என்னம்மா, யாரை வெட்டிட்டீங்க?" என்று கேட்டுவிட்டுச் சிரிக்கிறார். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. அந்தப் பதற்றத்தில் ஒரு பள்ளிக்கூடக் கால்சட்டையின் இரண்டு காலையும் சேர்த்துத் தைத்துவிட்டேன்.

விஷயம் இதுதான், திட்டாதே. போன தடவை உன் அண்ணனைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது பஸ் பாதி வழியில் படுத்துவிட்டது. ரோட்டோரத்தில் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கோபத்தோடு வீட்டுக்கு வந்து, பெரிய கோர்ட்டு நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதிப் போட்டேன். "என் கணவர் பதினாலு வருஷமாக உங்கள் ஊர் மனநல ஆஸ்பத்திரியில் இருக்கிறார். அவரைப் பார்க்க ஒரு பகலும் ஓர் இரவும் பஸ்ஸில் வர வேண்டும். மாதாமாதம் வந்துகொண்டிருந்தேன். இப்போது வருஷத்துக்கு இரண்டு தடவைதான் முடிகிறது. பல் வலிக்கும் கண் வலிக்கும் எங்கள் ஊரிலேயே வைத்தியம் இருக்கிறது. மனசு வலிக்கு மட்டும் ஏன் இவ்வளவு தூரம்? ஊர்ப்பக்கம் ஒரு வார்டு வைக்கச் சொல்லுங்கள்." அவ்வளவுதான் எழுதினேன். அதையே வழக்காக எடுத்துக்கொண்டார்களாம். நான் மனுதாரராம்!

கோர்ட்டு வாசலில் பேர் கூப்பிடுகிற வேலை உனக்கு. உன்னிடமே சொல்லாமல் எழுதினேன் என்று வருத்தமா? சொல்லியிருந்தால் "வேணாம் அண்ணி, பெரிய இடத்து விவகாரம்" என்றிருப்பாய். ஞாயிற்றுக்கிழமை அண்ணனைப் பார்க்கப் போவாய் அல்லவா, அவரிடம் சொல். ஊர்ப்பக்கமே வந்துவிடலாம் என்று சொல். என்ன சொன்னார் என்று ஒரு வார்த்தை விடாமல் எழுது.

உன் வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அண்ணி


பிப்ரவரி 27

அண்ணிக்கு வணக்கம்.

என் முட்டி இருந்த இடத்தில்தான் இருக்கிறது. வீட்டில் சின்னவளுக்குச் சளி, பெரியவளுக்கு வாய். மற்றபடி எல்லோரும் சௌக்கியம்.

உங்களைத் திட்ட எனக்கு வாய் ஏது? திங்கட்கிழமை பட்டியலைக் கையில் வாங்கிக்கொண்டு கதவருகே நின்றேன். வரிசையாகக் கூப்பிட்டுக்கொண்டே வந்தவன் உங்கள் பேரில் வந்து நின்றுவிட்டேன். உள்ளேயிருந்து கிளார்க், "என்னய்யா, கல்லை முழுங்கிட்டியா?" என்கிறார். அப்புறம் கூப்பிட்டேன் பாருங்கள், கீழே டீக்கடைவரை கேட்டதாம்.

உங்கள் கடிதத்தை நீதிபதி அவர் வாயாலேயே வாசித்தார். "மனசு வலிக்கு மட்டும் ஏன் இவ்வளவு தூரம்" என்ற இடத்தில் நிறுத்தி, அரசு வக்கீலைப் பார்த்து, "இதுக்குப் பதில் சொல்லுங்க" என்றார். "பரிசீலனையில இருக்கு" என்றார் அவர். "எந்தக் காலத்துல இருந்து?" என்றார் நீதிபதி. அவர் காகிதங்களைப் புரட்டத் தொடங்கினார். உங்களுக்காகப் பேச ஒரு வக்கீலைக் கோர்ட்டே போட்டிருக்கிறது. ஆள் விளக்குமாற்றுக் குச்சி மாதிரி இருப்பார், வாயைத் திறந்தால் இடி. எந்தெந்தப் பகுதியில் என்ன வசதி இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல ஒரு குழுவும் போட்டாயிற்று.

அண்ணன் சுகம். இன்னும் சலவைக் கூடத்தில்தான் வேலை. போர்வையின் ஒரு முனையை அவரும் மறுமுனையை 'ரேடியோ'வும் பிடித்து மடித்துக்கொண்டிருந்தார்கள். ரேடியோவைத்தான் உங்களுக்குத் தெரியுமே, பக்கத்துக் கட்டில்காரர், நாள் முழுக்கச் செய்தி வாசிப்பார். அன்றைக்கு வானிலை அறிக்கை ஓடியது. நீங்கள் சொல்லச் சொன்னதை அண்ணனிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டார்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தம்பி


மார்ச் 14

தம்பிக்கு,

சின்னவளுக்குச் சளி விட்டதா? பெரியவளின் வாயை அப்படியே இருக்க விடு, பிழைத்துக்கொள்வாள்.

"கேட்டுக்கொண்டார்" என்றால் என்னடா அர்த்தம்? யாருக்குக் காது குத்துகிறாய்? சிரித்தாரா, முகத்தைத் திருப்பிக்கொண்டாரா, என்னைப் பற்றி ஏதாவது கேட்டாரா? வக்கீல் எப்படி இருப்பார் என்று அத்தனை விவரமாக எழுதத் தெரிகிறது உனக்கு.

குழு இங்கேயும் வந்து போனது. நம் அரசு ஆஸ்பத்திரியின் பின்கட்டு அறையில் உடைந்த கட்டில்களைக் குவித்து வைத்திருப்பார்கள், அதைப் போய்ப் பார்த்தார்கள். பெரிய டாக்டர் "இடமே இல்லீங்க மேடம்" என்று கையைப் பிசைந்தார். குழுவில் வந்த ஓய்வுபெற்ற நீதிபதியம்மா, "இந்தக் கட்டில் எல்லாம் என்ன வியாதிக்குப் படுத்திருக்கு?" என்று கேட்டார். நர்சுகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

பஸ் கண்டக்டர் ஒருவர் மகளோடு வந்து நின்றார். அந்தப் பெண் பேச்சை நிறுத்தி ஒரு வருஷம் ஆகிறதாம். அவ்வளவு தூரத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பப் பயந்து வீட்டுக்குள்ளேயே பூட்டி வைத்திருக்கிறார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்கதானாம்மா அந்த மனுவைப் போட்டது?" என்றார். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. குருவி தலையில் பனங்காயை வைத்த மாதிரிதானே!

ஆள் இல்லாதபோது அந்த அறையின் ஜன்னல்களை அளந்துகொண்டு வந்துவிட்டேன். திரை நானே தைத்துக் கொடுப்பேன். உடனே பதில் போடு.

அண்ணி


மே 2

தம்பிக்கு,

நீ சுகமா என்பதே தெரியவில்லை. மார்ச்சில் எழுதினேன், ஏப்ரலில் ஒரு கார்டு போட்டேன். பேர் கூப்பிடுகிறவனை நானல்லவா கூப்பிட வேண்டியிருக்கிறது! உனக்கு ஒன்றுமில்லையே? அவருக்கு ஒன்றுமில்லையே? இரண்டே வரி எழுது.

அண்ணி


மே 19

அண்ணிக்கு வணக்கம்.

மன்னிக்க வேண்டும். முட்டியில் நீர் கோத்து, நடுவில் கொஞ்ச நாள் படுக்கை. இப்போது பரவாயில்லை. அண்ணனுக்கும் ஒன்றுமில்லை.

நீதிபதி சொல்லாமல் கொள்ளாமல் ஒரு நாள் பெரிய ஆஸ்பத்திரிக்கே போய்விட்டார். பூட்டிய அறைகளைத் திறக்கச் சொன்னாராம், சாவி யாரிடம் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. பூட்டை உடைத்துத் திறந்தால், உள்ளே வெறும் சிமெண்டுத் தரையில் ஆட்கள் சுருண்டு கிடக்கிறார்கள். எங்களை ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பக்கம் விட்டதே இல்லை அண்ணி. மறுநாள் அவர் பேசியபோது அரசு வக்கீல் தலை நிமிரவில்லை. உத்தரவு வந்துவிட்டது. பகுதிக்கு ஒரு வார்டு, அதற்கென்று ஒரு டாக்டர், மாத்திரை அங்கேயே. இங்கே காலங்காலமாக ஆட்களை அடைத்து வைத்திருக்கிற வார்டுகளை மூட வேண்டும். தேறியவர்களைச் சொந்த ஊர்ப்பக்கம் அனுப்ப வேண்டும். அனுப்புவதற்கு முன் ஒவ்வொருவரையும் உட்காரவைத்து விருப்பம் கேட்க வேண்டும். நல்ல உத்தரவு. நானும் இத்தனை வருஷமாக அந்த வாசலில் நிற்கிறேன், இப்படி ஒன்றைக் கேட்டதில்லை.

அண்ணனிடம் நேற்று கேட்டார்கள். சொந்தக்காரன் என்று என்னையும் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். அவருக்கு அன்றைக்கு உடம்பு கொஞ்சம் சோர்வு. குழுவில் இருந்த அம்மா என் பக்கம் திரும்பி, "குடும்பத்துல என்ன நினைக்கிறீங்க?" என்றார். அண்ணி ரொம்ப ஆசையாக இருக்கிறார் என்றேன். எழுதிக்கொண்டார்கள்.

இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. பெரியவள் பள்ளியில் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கியிருக்கிறாள். நீங்கள் சொன்னது பலித்துவிட்டது.

உங்கள் தம்பி


ஜூன் 8

தம்பிக்கு,

நீயும் முட்டியும் நன்றாக இருங்கள். உன் வாயில் சர்க்கரையைத்தான் கொட்ட வேண்டும்!

பின்கட்டு அறைக்கு வெள்ளை அடித்துவிட்டார்கள். வியாதிக்காரக் கட்டில்கள் எல்லாம் வெளியே போய்ப் புதுக் கட்டில்கள் வந்துவிட்டன. டாக்டரம்மா ஒருவர் வந்திருக்கிறார், சின்ன வயசு, நின்று கேட்கிறார், நடந்துகொண்டே கேட்பதில்லை. திரை தைத்தாயிற்று, இளநீலம். உன் அண்ணன் முன்பெல்லாம் இளநீலச் சட்டைதான் போடுவார், உனக்கு ஞாபகம் இருக்கிறதா?

உன்னிடம் சொல்வதற்கென்ன வெட்கம். நேற்று கண்ணாடி முன்னால் நெடுநேரம் நின்றேன். இந்த நரையோடு என்னை எப்படிப் பார்ப்பார் என்று யோசித்தேன். பிள்ளை குட்டி இல்லாதவளுக்கு அவரை விட்டால் யார்? கடையிலிருந்து வார்டுக்கு நடந்தே போய்விடலாம். தினமும் சாயங்காலம் போவேன். அப்படியே ஒரு நாள் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டி வந்துவிடுவேன்.

நீ எல்லாம் எழுதினாய், அவர் என்ன சொன்னார் என்பதை மட்டும் எழுதவில்லை. சோர்வு என்கிறாய். வெயில் காலம், இருக்கும்.

அண்ணி


ஆகஸ்ட் 3

அண்ணிக்கு வணக்கம்.

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வழக்கு திங்கட்கிழமை முடிந்தது. எல்லாப் பகுதியிலும் வார்டு திறந்தாயிற்று என்று அரசு வக்கீல் படம் எல்லாம் காட்டினார். உங்கள் நீலத் திரையும் ஒரு படத்தில் இருந்தது. நீதிபதி, "மனுதாரர் தரப்பில் ஏதாவது ஆட்சேபணை உண்டா?" என்று கேட்டார். நம் குச்சி வக்கீல் எழுந்து, "மனுதாரருக்கு ஆட்சேபணை இல்லை" என்றார். வழக்குக் கட்டை மூடிக் கட்டினார்கள். நான் அடுத்த பேரைக் கூப்பிட்டேன்.

அண்ணனை இன்று காலை அனுப்பி வைத்தோம். வண்டி கிளம்பக் கொஞ்சம் நேரமாகிவிட்டது. டிரைவர் நல்ல மனுஷன், பொறுத்துக்கொண்டார். ரேடியோவுக்கு ஊர் வேறு திசை, அவரை வேறு வண்டியில் ஏற்றினார்கள். அவர் இன்றைக்குச் செய்தி வாசிக்கவில்லை.

கூடவே வரத்தான் நினைத்தேன், லீவு கிடைக்கவில்லை. முதல் சில நாள் அண்ணன் சரியாகப் பேசாமல் இருந்தால் மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள். வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் தம்பி


ஆகஸ்ட் 22

தம்பிக்கு,

எல்லோரும் சுகம்தானே? உன் அண்ணன் வந்து சேர்ந்தார்.

கன்னத்தில் சிராய்ப்பு, விரல் கணுவில் எல்லாம் காயம். டிரைவரைக் கேட்டேன். "ஆஸ்பத்திரி கேட்டுக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டாரும்மா. நாலு பேர் சேர்ந்துதான் பிரிச்சோம்" என்றார். கொஞ்சம் நேரமாகிவிட்டது என்று எழுதியிருந்தாய்.

என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, "வணக்கம் சிஸ்டர்" என்றார். நர்சு யார், டாக்டர் யார், கூட்டுகிற பெண் யார், எல்லோரும் அவருக்கு சிஸ்டர்தான். "நான் யாருன்னு தெரியுதா?" என்றேன். "தெரியாம என்ன? வருஷத்துக்கு ரெண்டு தடவை வருவீங்க. பிஸ்கட் கொண்டு வருவீங்க" என்றார். தப்பாக ஒன்றும் சொல்லவில்லையே.

திரையைக் காட்டினேன். நல்லா மடிச்சுத் தைச்சிருக்கீங்க என்றார். பிறகு டிரைவரிடம் போய், வண்டி எப்போது திரும்பும் என்று விசாரித்தார். டாக்டரம்மா, நாளாகும், பொறுங்கள் என்கிறார். பொறுத்துப் பழகியவள்தானே நான்.

அண்ணி


செப்டம்பர் 20

தம்பிக்கு,

பதில் போடாமல் எதற்குப் பயந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறாய்? சுகமாக இருக்கிறாய் என்றே நினைத்துக்கொள்கிறேன்.

முதலில் நல்ல சேதி. கண்டக்டர் மகள் வாயைத் திறந்துவிட்டாள். "அப்பா, பசிக்குது" என்றாளாம். மனுஷன் அன்றைக்குப் பஸ்ஸில் ஒருவரிடமும் டிக்கெட் கேட்கவில்லையாம், ஊரே சொல்லிச் சிரிக்கிறது. வார்டு வாசலில் தினமும் கூட்டம். என்னைப் பார்த்துக் கும்பிடுகிறார்கள். எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

உன் அண்ணன் விடிந்ததும் துணியை மூட்டை கட்டி வைத்துக்கொண்டு கேட்டருகே உட்கார்ந்துவிடுகிறார். இங்கே சலவை வெளியே போகிறது, அவருக்கு மடிக்க ஒன்றும் இல்லை. போன வாரம் அவராகவே சொன்னார்: "அந்தம்மா என்கிட்ட கேட்டாங்க சிஸ்டர், ஊருக்குப் போறீங்களான்னு. இதுதானே ஊருன்னேன். ரேடியோவும் நானும் இங்கயே இருந்துக்கறோம், போர்வை நிறையக் கிடக்குன்னேன். தம்பியும் பக்கத்துலதான் இருந்தான்."

இதற்கு நீ பதில் எழுத வேண்டாம். கோபம் வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். மனசுக்குள் உன்னை வண்டை வண்டையாகத் திட்டித் தீர்த்தேன். நீ எனக்காகத்தான் அதை விழுங்கினாய். உன் இடத்தில் நான் இருந்தாலும் விழுங்கியிருப்பேன். ஊர் பேர் தெரியாத நீதிபதிக்குக் கடிதம் எழுதத் தெரிந்தது எனக்கு, கட்டின புருஷனிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையே!

ஒன்று செய். அங்கே போய், அவரைத் திரும்ப எடுத்துக்கொள்வார்களா என்று கேள். என் பேரைச் சொல்லிக் கேள், மனுதாரரே கேட்கிறார் என்று சொல். நான் பழையபடி பஸ்ஸில் வந்து பார்த்துக்கொள்கிறேன். பஸ் எனக்குப் பழக்கம்தான்.

அண்ணி


அக்டோபர் 11

அண்ணிக்கு வணக்கம்.

போனேன். சலவைக் கூடத்தின் ஓடுகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் இருந்த வார்டில் கூரையே இல்லை. உத்தரவுப்படி மூடியாயிற்று, இனி இங்கே புது நோயாளிகளுக்கு மட்டும்தான் என்றார் ஆபீஸ் மேனேஜர். ரேடியோ எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். ரேடியோவை அனுப்பிய வார்டுக்கு மேனேஜர் போன் போட்டுக் கேட்டார். அங்கே போய்ச் சேர்ந்த மாதமே இறந்துவிட்டாராம். அண்ணனிடம் சொல்ல வேண்டாம்.

நீங்கள் எழுதியதை எல்லாம் படித்தேன்.

தம்பி


நவம்பர் 16

தம்பிக்கு,

சுகமா? பிள்ளைகள் சுகமா? இந்தத் தடவை மழுப்பாமல் எழுதினாய், நல்லது செய்தாய். ரேடியோவுக்காக நான் ஒருத்தி அழுதேன்.

டாக்டரம்மாவை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். இப்போது ஒரு டாக்டர் வாரம் ஒரு முறை எட்டிப் பார்க்கிறார். பாதிக் கட்டில்களில் காய்ச்சல்காரர்கள். வழக்கு இருந்தவரை பெரிய டாக்டர் என்னைக் கண்டால் நாற்காலி போடுவார், இப்போது கண்ணாடியைத் துடைக்கிறார். கண்டக்டரும் நானும் இன்னும் சிலரும் சேர்ந்து புது மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். அது ஒரு பக்கம் நடக்கட்டும்.

உன் அண்ணனைப் போன மாதக் கடைசியில் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன். தொந்தரவு ஒன்றுமில்லை. தண்ணீர் குடிக்கக்கூட அனுமதி கேட்கிறார். சாப்பாட்டு நேரத்தில் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறை வாசலில் நிற்கிறார். உட்காருங்கள் என்றால், வரிசை வரட்டும் என்கிறார். அதனால் நானும் ஒரு தட்டோடு அவர் பின்னால் கொஞ்ச நேரம் நிற்கிறேன். பிறகு உள்ளே போய்ப் பரிமாறுகிறேன். இத்தனை வருஷம் எந்த ஆளுக்காக ஏங்கினேனோ, அந்த ஆள் என் வீட்டில்தான் இருக்கிறார், ஆனால் விருந்தாளி மாதிரி இருக்கிறார்.

இங்கே அனுப்பியது ஜட்ஜ் என்று வார்டில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஜட்ஜ் அனுப்பினால் ஜட்ஜேதானே திருப்பி அழைக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. காலையில் பல் தேய்த்ததும் மூட்டையோடு வந்து கேட்பார்: "சிஸ்டர், என் கேஸ் என்னாச்சு?" முதல் நாள் உண்மையைச் சொன்னேன். அந்த இடமே இப்போது இல்லை, இடித்துவிட்டார்கள் என்றேன். கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார். பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. அடுத்த நாளும் அப்படியே கிடந்தார். அதற்கும் அடுத்த நாள் நான் பக்கத்தில் தரையில் படுத்துக்கொண்டு, "இன்னிக்கு வாய்தா போட்டுட்டாங்க" என்று சொன்னேன். "அப்படியா? அதை முதல்லயே சொல்லக் கூடாதா?" என்று எழுந்து வந்து சாப்பிட்டார்.

அன்றிலிருந்து தினமும் காலையில் ஒரு வாய்தா கொடுக்கிறேன். நேற்று சொல்லும்போது எனக்குக் குரல் உடைந்துவிட்டது, அடக்க முடியவில்லை. மூட்டையைக் கீழே வைத்துவிட்டு என் தலையில் கை வைத்தார். "அழாதீங்க சிஸ்டர். நீங்க என்ன பண்ணுவீங்க? கோர்ட்டுன்னா இழுக்கத்தான் செய்யும்" என்றார். பதினாலு வருஷத்துக்கு அப்புறம் அவர் கை என் மேல் பட்டது அப்போதுதான்.

லீவு கிடைத்து நீ வரும்போது கோர்ட்டு உடுப்பிலேயே வா. அவர் கேட்டால், அடுத்த மாதம் பேர் கூப்பிடுவாங்க அண்ணே என்று சொல். உன் வாயால் சொன்னால் நம்புவார்.

அண்ணி